வலது விலாவுக்குக் கீழே

ஒன்பதாவதாக வந்த அம்மாள் கன்னத்தில் சந்தனத்தை அப்பிவிட்டு நகர்ந்தபோது சுபாஷினியின் கவனம் மறுபடியும் வலது விலாவுக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது. இரண்டு மாதமாக அங்கே ஒரு குதிகால் இருந்தது. சின்னதாக, உருண்டையாக, தோலுக்கு அடியில் கோலிக்குண்டு ஓடுவதுபோல. உட்கார்ந்தால் இடிக்கும், சாப்பிட்டால் இடிக்கும், சிரித்தால் இன்னும் இடிக்கும். “கொஞ்சம் நகரேன் கண்ணு” என்று விரலால் அழுத்தினால் இரண்டு நொடி யோசித்துவிட்டு அதே இடத்துக்குத் திரும்பி வந்து முட்டும்; அப்பன் வீட்டுப் பிடிவாதம் அப்படியே இறங்கியிருந்தது. இன்றைக்கு அந்த இடம் வலிக்கவில்லை. காலையில் கண் விழித்ததிலிருந்து வலிக்கவில்லை. பல் விழுந்த இடத்தை நாக்கு தேடிக்கொண்டே இருக்குமே, அப்படி அவள் மனசு அந்த வலியைத் தேடிக்கொண்டே இருந்தது. எதிரே நின்ற போட்டோக்காரர், “மேடம், வயித்து மேல ரெண்டு கையும் வச்சு, கீழ பாத்துச் சிரிங்க” என்றார். வைத்தாள். பார்த்தாள். சிரித்தாள். சிரிக்க என்ன, உதடு இருந்தால் போதும். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஓர் இனிப்புக்கடையின் மாடியில் இருந்த அந்த ஹாலில் நெய் வாசனையும் புளியோதரை வாசனையும் படியேறி வந்து நின்றன. வாடகைக்கு எடுத்த சிவப்பு வெல்வெட் நாற்காலி முதுகில் வியர்வையாக ஒட்டியது. காலை ஊன்றினால் பாதம் மாவுபோல அமுங்கியது. வயிற்றுத் தோல் பட்டுப்புடவைக்கு அடியில் அரித்தது. சொறிந்துகொள்ள முடியாது, ஊரே பார்க்கிறது. எல்லாம் இருந்தன. அரிப்பு இருந்தது, நெஞ்செரிச்சல் இருந்தது, அடிவயிற்றுக் கனம் இருந்தது. அது ஒன்றுதான் இல்லை. காலை ஆறு மணிக்குப் புடவை கட்டிவிடும்போது அம்மாவிடம் சொல்லியும் பார்த்தாள். “அம்மா, நேத்து ராத்திரியிலேருந்து அசையல.” கொசுவத்தைச் செருகிக்கொண்டிருந்த அம்மாவின் கை ஒரு கணம் நின்றது. நின்றதை சுபாஷினி வயிற்றுத் தோலிலேயே உணர்ந்தாள். பிறகு அம்மா நிமிராமலே சொன்னாள். “விடியக்காலையில தலைக்கு ஊத்துனதுல அசந்து தூங்குது. நல்ல நாளும் அதுவுமா அப்பிடி எல்லாம் வாயில வரக் கூடாது. வளையல் சத்தம் கேட்டா தானா முழிச்சிக்கும்.” அதனால்தான் அவள் ஒவ்வொருத்தி வளையல் போட்டு முடித்ததும் இரண்டு கையையும் லேசாகக் குலுக்கிப் பார்த்தாள். பார்த்தவர்கள், பெண்ணுக்கு வளையல் மேல் எவ்வளவு ஆசை என்று சிரித்தார்கள்.

தலையில் ஆறு முழம் மல்லிகை. கழுத்தைப் பின்னால் இழுத்தது. மின்விசிறி அந்தப் பக்கம் திரும்பும்போதெல்லாம் வாசனை முன்னால் வந்து மூக்கில் ஏறியது, ஏறியவுடன் மார்பு இரண்டும் கல்லாக இறுகின. இதை யாரிடம் சொல்வது? மல்லிகை வாசனைக்கு மயங்குகிற பெண்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள், மல்லிகை வாசனைக்கு மார் வலிக்கிற ஒருத்தியைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். முதல் பிள்ளை போன மூன்றாம் நாள் அவளுக்குப் பால் வந்தது. உடம்புக்கு யாரும் சேதி சொல்லவில்லை போல. உள்ளே இருந்தது வெளியே வந்துவிட்டது, வந்தால் பசிக்கும், பசித்தால் பால் வேண்டும், அவ்வளவுதான் அதற்குத் தெரிந்த கணக்கு. நரம்பெல்லாம் பச்சையாகப் புடைத்து, அக்குள் வரைக்கும் கட்டி கட்டியாக ஏறி, கையைத் தொங்கவிட முடியாமல் இரண்டு பக்கமும் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சலில் பல் கிட்டியது. ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்திருந்தார்கள். புருஷனைப் பெற்ற அத்தை அதை நம்பாமல் பூக்கடைக்குப் போய் உதிரி மல்லிகை வாங்கி வந்து, அவள் மார்பில் கை நிறைய வைத்து, மேலே பழைய வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டினாள். மல்லிகை வைத்துக் கட்டினால் பால் வற்றும். வற்றவும் செய்தது. கட்டும்போது அத்தை அழுதாள், அதையும் சொல்ல வேண்டும். மூக்கை உறிஞ்சிக்கொண்டே முடிச்சுப் போட்டாள். இரண்டு நாள் உடம்புச் சூட்டில் அந்தப் பூ வெந்து, பழுப்பாகி, பாலும் பூவும் கலந்து ஒரு புளித்த வாசனை கிளம்பியது. வயிற்றுக்கு வேறு துணி. தொளதொளவென்று தொங்கிய வயிற்றை அமுக்கி அமுக்கிச் சுற்றினார்கள், அதற்குள் கர்ப்பப்பை தனியாகச் சுருண்டு சுருண்டு வலித்தது, பிள்ளை இருக்கிற வீட்டில் அதை நல்ல வலி என்பார்களாம். அப்புறம் பதினொன்றாம் நாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இடது பக்கமாகப் படுத்திருந்தாள். வலது விலாவுக்குக் கீழே ஒரு முட்டு. அவள் மூச்சை நிறுத்தினாள். மறுபடியும் ஒன்று. சந்தேகமே இல்லை, அதே குதிகால், அதே இடம், அவளுடைய பெண் எட்டு மாதம் குடியிருந்த இடம். “அத்தை, உதைக்குது” என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அந்த வீட்டில் அவள் உடம்பைப் பற்றி அவள் சொல்லும் எதற்கும் மதிப்பு இல்லாமல் போயிற்று. டாக்டர் அம்மா வாயு என்றார். குடல் அசைவு சில பேருக்கு அப்படித் தெரியும், நாளாக ஆகப் போய்விடும் என்றார். பயந்திருக்கிறாள் என்று அத்தை எங்கேயோ கூட்டிக்கொண்டு போய்க் கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டாள். கயிறு அறுந்து விழுந்த பிறகும் நான்கு மாதம் உதைத்தது. சுபாஷினி யாரிடமும் சொல்லவில்லை. படுத்துக்கொண்டு, கையை அங்கே வைத்துக்கொண்டு, பொய் என்று தெரிந்துகொண்டே காத்திருப்பாள். வராத நாளில் அழுவாள்.

பத்தாவது ஆள், பதினொன்றாவது ஆள். பன்னீர் கண்ணில் பட்டு எரிந்தது. வேப்பங்குச்சியை வளைத்துச் செய்த காப்பைத்தான் முதலில் போட்டிருந்தார்கள், அது மணிக்கட்டில் ஒரு பக்கமாகக் குத்திக்கொண்டிருந்தது. அதற்கு மேல் பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள் முழங்கையை நோக்கி ஏறிக்கொண்டிருந்தன. கை வீங்கியிருந்ததால் கடைக்காரர் இரண்டு அளவு பெரியதாகவே கொடுத்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கௌசல்யா உட்கார்ந்திருந்தாள். சுபாஷினியின் கொழுந்தன் வழி உறவு என்று யாரோ ஒரு கிழவி தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். இல்லை, புருஷனுடைய அண்ணன் பெண்டாட்டி, சுபாஷினி ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவள். கல்யாணமாகிப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. சுபாஷினி எழுந்ததும் இதே வெல்வெட் நாற்காலியில் கௌசல்யாவை உட்கார வைத்து மிச்ச வளையலைப் போடுவார்கள், சூல்காரி எழுந்த சூட்டில் உட்கார்ந்தால் கூடி வரும் என்று. அதற்காகவே அவள் புதுப் புடவை கட்டி, பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில், பஸ்ஸில் இடம் காலியாகப் போகிறது என்று காத்திருப்பவள்போல உட்கார்ந்திருந்தாள். சுபாஷினிக்கு அந்தப் பக்கம் பார்க்கப் பயமாக இருந்தது. நான் எழுந்து போகிற சூடு என்ன சூடு அக்கா? உள்ளே இருப்பது உயிரோடு இல்லையென்றால் நீங்கள் எதன் மேல் வந்து உட்காரப் போகிறீர்கள்? அந்தப் பதினொன்றாம் நாளில், எல்லோரும் திட்டி ஓய்ந்த பிறகு, கௌசல்யா மட்டும் கதவைச் சாத்திவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து, துணிக்கட்டுக்குள் கையை விட்டு அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். “எனக்குத் தெரியல சுபா. எனக்கு இது எப்பிடி இருக்கும்னே தெரியாதே. உனக்குத் தெரியுதுன்னா தெரியுதுதான்” என்றாள். அந்தக் கையின் சூடு இன்னும் நினைவிருந்தது.

நேற்று ராத்திரி கடைசியாக எப்போது? அதைத்தான் அவள் விடியற்காலையிலிருந்து நூறு முறை பின்னோக்கி நடந்து பார்த்துவிட்டாள். மருதாணி காயட்டும் என்று இரண்டு கையையும் விரித்துக்கொண்டு டிவி முன்னால் இருந்தபோது ஒரு புரளல் வந்தது. அது நிச்சயம். அப்போது ஏழரை. அதற்கப்புறம் தோசை. தோசை சாப்பிட்டால் குதிப்பான், நேற்று குதித்தானா? குதித்த மாதிரி இருந்தது. மாதிரி. இந்த மாதிரிதான் அவளைக் கொல்கிறது. மற்ற பெண்கள் உதைக்கிறது என்றால் உதைக்கிறது, இல்லையென்றால் இல்லை. அவளுக்கு ஒவ்வொரு உதையும் வந்தவுடன், நீ இப்போது இருக்கிறவனா, அப்போது இருந்தவளா என்று விசாரித்துவிட்டுத்தான் உள்ளே விட வேண்டியிருந்தது. விசாரித்துக்கொண்டிருக்கும்போதே அது ஓய்ந்துவிடும். காலையில் வெந்நீர் ஊற்றும்போது ஒன்று. அது யாருடையது? ஏழு மணிக்கு தினகரனுக்கு, அதாவது அவள் புருஷனுக்கு, போனில் ‘அசைவு தெரியல’ என்று எழுதிப் போட்டாள். வாழை இலைக்கட்டு வாங்கப் போயிருந்தவன் ‘அம்மாகிட்ட சொல்லு’ என்று பதில் போட்டான். கீழே ஒரு கும்பிடு பொம்மை வேறு. அவன் அம்மாகிட்ட, அத்தையிடம், என்ன சொல்வது? முதல் தடவை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அதுதான் குற்றமாயிற்று. ஒரு பகல், ஓர் இரவு, தூங்குகிறது தூங்குகிறது என்று இருந்துவிட்டாள். அன்றைக்கு இடது பக்கம் திரும்பிப் படுத்தபோது வயிற்றின் கனம் ஒரு நொடி தாமதமாக வந்து அந்தப் பக்கம் விழுந்தது. பாதி அரிசி இருக்கிற மூட்டையைப் புரட்டினால் விழுமே, அப்படி. அந்த ஒரு நொடியை அவளால் மறக்கவே முடியவில்லை. ஆஸ்பத்திரியில் வளையலையெல்லாம் கத்தரிக்கோல் பிடியால் தட்டித் தட்டி உடைத்துக்கொண்டே அந்த நர்ஸ் கேட்டாள், “பெத்தவதானே நீ, உனக்கே தெரியலையா?” அதற்குப் பிறகு தெரிகிறது என்று சொன்னாள், பைத்தியம் என்றார்கள். இப்போது தெரியவில்லை என்கிறாள். ஏழாம் மாதம் செய்தது தங்கவில்லை என்று இந்தத் தடவை ஒன்பதாம் மாதத்துக்குத் தள்ளி வைத்து, ஜோசியரிடம் பத்தரையிலிருந்து பதினொன்றரை என்று நேரம் வாங்கி வந்து, ஹால் பிடித்து, ஐந்து வகை சோறு கிண்டி, எண்பது பேரை உட்கார வைத்திருக்கிறாள் அத்தை. நான்கு நாளைக்கு முன்னால் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் அம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, எழுந்துகொள்ளும்போது கையைப் பிடித்து, “அசைவு குறைஞ்சுதுன்னா உடனே வந்துரணும், போன தடவ மாதிரி வீட்ல இருந்துறக் கூடாது” என்று சொன்னார். உடனே என்றால் எப்போது? பதினொன்றரைக்கு முன்னாலா, பின்னாலா? ஹாலில் இருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம்தான். அந்தப் பத்து நிமிஷத்துக்கும் அவளுக்கும் நடுவில் சந்தனக் கிண்ணத்தோடு இன்னும் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றார்கள். வயிறு கல்லாகத் திரண்டு இறுகியது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு, இறுகட்டும், இறுகினால் அவனுக்குப் பிடிக்காது, உள்ளே நெளிவான் என்று காத்திருந்தாள். மெதுவாகத் தளர்ந்தது. நெளியவில்லை. நாற்காலியில் இடது பக்கமாகச் சற்றே சாய்ந்து பார்க்கலாமா என்று தோன்றியது. சாய்ந்தால் தெரிந்துவிடும். அந்தக் கனம் உடனே வருகிறதா, ஒரு நொடி கழித்து வருகிறதா என்று தெரிந்துவிடும். அவள் சாயவில்லை. இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது, கால் மரத்துப்போயிற்று, நேராகவே உட்கார்ந்திருந்தாள்.

இன்னும் மூன்று நான்கு பேர் போட்டுவிட்டு நகர்ந்த பிறகு அத்தை வந்தாள். சம்பந்தி அம்மாளோடு சேர்ந்து போட்டோவுக்காக இன்னொரு தடவை வளையல் போட வேண்டுமாம். அத்தைக்கு ருக்மணி என்று பெயர், கனத்த சரீரம், நெற்றியில் அகலமாகக் குங்குமம், இந்த ஹாலில் யார் யார் சாப்பிடாமல் போய்விடுவார்கள் என்று இப்போதே தெரிந்து வைத்திருப்பவள். அவள் குனிந்து கையைப் பிடித்தபோது சுபாஷினி அவள் காதுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனாள்.

“அத்தை, அசையல. நேத்து ராத்திரியிலேருந்து அசையல. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

அத்தையின் முகத்தில் போட்டோவுக்கு வைத்த சிரிப்பு அப்படியே இருந்தது. பிடித்த கையை விடாமலே சொன்னாள்.

“அன்னைக்கு இல்லாத பிள்ள உதைக்குதுன்ன. இன்னைக்கு இருக்குற பிள்ள உதைக்கலங்கிற. நான் எதைத்தான்மா நம்புறது?” குரல் தணிந்து, கிட்டத்தட்டக் கெஞ்சலாகத்தான் இருந்தது. “இன்னும் நாலு பேருதான். முடிச்சு ஆரத்தி எடுத்துட்டுப் போயிருவோம். பாதியில எந்திரிச்சா சனம் என்ன நெனைக்கும்? அது பிள்ளைக்குத்தான் ஆகாது. செத்த பொறு.”

அம்மா பின்னால் நின்றுகொண்டு தரையைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆறு மணியிலிருந்தே தெரியும், அதனால்தான் இவ்வளவு நேரமாகக் கிட்டவே வரவில்லை. சுபாஷினிக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மூன்று பேருமே ஒரே பயத்தை வைத்துக்கொண்டு, யார் முதலில் வெளியே எடுத்து வைக்கிறார்களோ அவர்கள் தலையில் அது விடிந்துவிடும் என்று ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் நின்றுகொண்டிருந்தார்கள். நாலு பேர். ஒருத்திக்கு மூன்று நிமிஷம் என்றால் பன்னிரண்டு. ஆரத்தி. பெரியவர்கள் காலில் விழ வேண்டும், விழ முடியாது, குனிய வேண்டும். பிறகு அக்காவை உட்கார வைக்க வேண்டும். பிறகு இலை போட்டாயிற்று என்பார்கள், சூல்காரி சாப்பிடாமல் வெளியே இறங்கக் கூடாது என்பார்கள். போன தடவை ஒரு பகல், ஓர் இரவு. இந்தத் தடவை ஐந்து வகை சோறு. அவள் சொல்லிவிட்டாள். இதற்கு மேல் எப்படிச் சொல்வது? கத்தலாம். கத்தினால் பயந்திருக்கிறாள் என்பார்கள், கறுப்புக் கயிறு தேடுவார்கள். அழலாம். அழுதால் தாய்வீட்டுக்குப் போகிற அழுகை என்பார்கள், போட்டோக்காரர் அதையும் எடுத்துக்கொள்வார். இந்த ஹாலில் அவள் வாயிலிருந்து வருகிற எதையும் ஒருவரும் நம்பப் போவதில்லை. அடுத்த அம்மாள் வந்து மணிக்கட்டில் சந்தனத்தைக் குழைத்துத் தடவினாள். குளுகுளுவென்று இருந்தது. அந்த வழவழப்பில் கடைசியாகப் போட்ட பச்சை வளையல் தானாகவே ஒரு விரற்கடை கீழே வழுக்கி வந்தது. சுபாஷினி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசவம் ஆகிற வரைக்கும் கழற்றக் கூடாத வளையல். ஒன்று உடைந்தாலே வீட்டில் சோறு இறங்காது. அவள் கட்டைவிரலை உள்ளே மடக்கிக்கொண்டு, இடது கையால் அந்தப் பச்சை வளையலைப் பிடித்து இழுத்தாள். எலும்பு முட்டில் ஒரு கணம் நின்று, தோலை உரசிக்கொண்டு வெளியே வந்துவிட்டது.

சந்தனம் தடவிய அம்மாள் கிண்ணத்தோடு அப்படியே நின்றாள். சுபாஷினி இரண்டாவதைக் கழற்றினாள். வைக்க இடமில்லாமல் மடியில் போட்டாள், வயிறு இடித்ததால் அது உருண்டு தரையில் விழுந்து உடைந்தது. அந்தச் சத்தத்தில் முன்வரிசை திரும்பியது. அடுத்த வரிசையும் திரும்பியது. பாட்டுப் பெட்டி பக்கத்தில் இருந்தவர் யாரோ பாட்டை நிறுத்தினார்.

“சுபா, வேணாம்டி” என்றாள் அம்மா. அத்தை இரண்டு கையாலும் தன் தாலிக்கொடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு இப்போது முகத்தில் இல்லை.

மூன்றாவதை அவள் கழற்றும்போது பக்கத்திலிருந்து இரண்டு உள்ளங்கைகள் நீண்டு வந்து அவள் கைக்குக் கீழே ஏந்தி நின்றன. கௌசல்யா. பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து தரையில் மண்டி போட்டிருந்தாள், புதுப் புடவையில் கண்ணாடிச் சில்லு குத்துமே என்றுகூடப் பார்க்கவில்லை. “இதுல போடு” என்றாள். பிறகு தலையைத் திருப்பி, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல், வாசல் பக்கமாகச் சொன்னாள். “தினாவைக் கூப்பிடுங்க. ஆட்டோ கொண்டாரச் சொல்லுங்க.”

யாரோ படியில் ஓடுகிற சத்தம் கேட்டது. அது தேய்ந்த பிறகு ஹாலில் எந்தச் சத்தமும் இல்லை. எண்பது பேர் ஒரு கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறி திரும்பியது, மல்லிகை வாசனை ஏறியது, மார்பு இறுகியது. அந்த அமைதியில், வலது விலாவுக்குக் கீழே, சின்னதாக, உருண்டையாக, ஒரு முட்டு வந்தது.

அவள் மூச்சை நிறுத்தினாள். மறுபடியும் ஒன்று வந்தது. எந்தப் பிள்ளை உதைக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கட்டைவிரலை மடக்கிக்கொண்டு அடுத்த வளையலைக் கழற்றினாள்.